ஒலிம்பியாவில் துப்பாக்கி மசோதா: 'எதிர்ப்பு' பட்டனை அமுக்கிய பிறகு என்ன?

#1 கேஸ்கேட்_காற்று

வாஷிங்டன் மாநிலத்தில் துப்பாக்கி வைத்திருக்கும் நம்ம ஆட்களுக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். மாநிலத் தலைநகர் ஒலிம்பியாவில் 2027 ஜனவரி 11 திங்கட்கிழமை சட்டமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடர். ஒற்றைப்படை ஆண்டு, ஆகவே 105 நாள். 2025இல் கையெழுத்தான எச்பி (பிரதிநிதிகள் அவை மசோதா) 1163, அதாவது துப்பாக்கி வாங்கும் முன் பர்மிட் எடுக்கச் சொல்லும் சட்டம், 2027 மே 1இல் நடைமுறைக்கு வருவதாக எழுதப்பட்டது. அதனால் இந்த முறை சூடு அதிகமாக இருக்கும்.

ஒவ்வொரு வருஷமும் நடப்பது ஒன்றுதான். வாட்ஸ்அப்பில் லிங்க் வரும். எல்லோரும் சட்டமன்றத் தளத்தில் 'கான்', அதாவது எதிர்ப்பு, என்று பதிவு செய்வோம். யாரோ எழுதிக்கொடுத்த மின்னஞ்சலை அப்படியே 147 உறுப்பினர்களுக்கும் தட்டிவிடுவோம். மசோதா நிறைவேறிவிடும். எது வேலை செய்யும், எது வீண், ஏன்? சொந்தக் கதை வேண்டாம், எந்த அலுவலகத்தில் யார் எப்படிப் பேசினார் என்ற புலம்பலும் வேண்டாம். நடைமுறை மட்டும் எழுதுங்க.

#2 மூன்றாம்_வாசிப்பு

முதலில் தலையை எண்ணுங்கள். பிரதிநிதிகள் அவையில் 98 பேர், நிறைவேற 50 வேண்டும். செனட்டில் 49 பேர், 25 வேண்டும். 2025இல் தொடங்கியபோது டெமாக்ரட்டுகள் பிரதிநிதிகள் அவையில் 59, செனட்டில் 30. அதாவது ரிபப்ளிகன்கள் 39, 19. ஒரு மசோதாவை வாக்கெடுப்பில் தோற்கடிக்க, அந்த 39 பேரும் ஒட்டுமொத்தமாக எதிர்த்தாலும் எதிர்ப்பக்கத்திலிருந்து பத்துப் பதினோரு பேர் இந்தப் பக்கம் வர வேண்டும். செனட்டில் ஆறு பேர். நவம்பர் தேர்தல் இந்த எண்களைக் கொஞ்சம் அசைக்கலாம், கணக்குப் போடும் முறை மாறாது.

இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தால், ஏற்கெனவே நம் பக்கம் இருக்கிற உறுப்பினருக்கு நூறு மின்னஞ்சல் போடுவது எவ்வளவு வீண் என்று புரியும். அவர் வாக்கு கையில் இருக்கிறது. ஒரு நன்றிக் கடிதம் போதும். உழைப்பு போக வேண்டிய இடம் ஆளுங்கட்சியில் குறைந்த வித்தியாசத்தில் வென்றவர்கள், துப்பாக்கி மசோதா போகும் குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள், நிதிக் குழுவில் இருப்பவர்கள். அதிலும், அவர்கள் தொகுதியில் குடியிருப்பவர் பேசினால்தான் காது திறக்கும். பெல்வியூக்காரர் ஸ்போகேன் செனட்டருக்கு எழுதினால், உதவியாளர் முகவரியைப் பார்ப்பார், "உங்கள் தொகுதி உறுப்பினரைத் தொடர்புகொள்ளுங்கள்" என்பார், முடிந்தது.

இரண்டாவது, மசோதாவைக் கொல்வதா, திருத்துவதா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். 2023இல் எச்பி 1143 அறிமுகமானபோதே வாங்குவதற்கு பர்மிட் என்ற யோசனை அதில் இருந்தது. வழியில் அது கழன்று, பத்து நாள் காத்திருப்பும் பயிற்சிச் சான்றும் மட்டும் மிஞ்சி, 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பர்மிட் 2024இல் எச்பி 1902 என்று திரும்ப வந்து நின்றுபோனது. 2025இல் எச்பி 1163 என்று வந்து மே 20 அன்று கையெழுத்தானது. இதில் பாடம் இரண்டு. ஒரு பிரிவைக் கழற்ற முடியும் என்பது ஒன்று. கழற்றியது சாகவில்லை, இரண்டு வருஷம் வாங்கிக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான் என்பது மற்றொன்று. "போன வருஷம் ஜெயிச்சுட்டோம்" என்று டிசம்பரில் தூங்கியவர்கள் ஜனவரியில் புது நம்பரோடு அதே மசோதாவைப் பார்ப்பார்கள்.

அதே 2023இல் எச்பி 1240, குறிப்பிட்ட வகைத் துப்பாக்கிகளின் விற்பனைத் தடை. செனட்டில் 27க்கு 21. தோற்கடிக்க முடியவில்லை. ஆனால் உற்பத்தியாளர்கள் கையிருப்பை 90 நாளுக்குள் வெளிமாநிலத்துக்கு விற்கலாம் என்ற திருத்தம் உள்ளே போனது. ஒரு தொழிற்கூடத்துக்கு அந்த ஒரு வரியின் மதிப்பு என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

#3 ரவைப்பெட்டி

மூன்றாம்_வாசிப்பு சார், அப்போ 'கான்' பதிவு செய்றதே தண்டமா? இந்த மாதிரி மசோதாவுக்கு எதிர்ப்புப் பதிவுதான் எப்பவும் மலை மாதிரி குவியுது. அப்படியும் நிறைவேறுது. அப்புறம் எதுக்கு?

#4 மூன்றாம்_வாசிப்பு

தண்டம் இல்லை. வாசலில் மிதியடி போடுவது போல. அதுவே வீடு ஆகிவிடாது.

பதிவில் நாலு வகை உண்டு: நேரில் பேசுவது, ஜூமில் பேசுவது, எழுத்தில் கொடுப்பது, நிலைப்பாட்டை மட்டும் குறிப்பது. முதல் இரண்டுக்கும் நாலாவதுக்கும் கருத்துக்கேட்பு தொடங்க ஒரு மணி நேரம் முன்பே பதிவு மூடிவிடும். காலை எட்டு மணிக் கூட்டம் என்றால் ஏழு மணிக்கு. "அலுவலகம் போய்ப் பண்ணிக்கலாம்" என்பவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். எழுத்து வடிவத்துக்கு மட்டும் கூட்டம் தொடங்கியதிலிருந்து 24 மணி நேரம் அவகாசம். எட்டு மணிக் கூட்டத்தில் யார் என்ன சொன்னார், எந்த உறுப்பினர் எந்தக் கேள்வியில் தடுமாறினார் என்று சட்டமன்றக் கூட்டங்களை ஒளிபரப்பும் டிவிடபிள்யூ சேனல் பதிவில் பார்த்துவிட்டு, அந்தக் கேள்விக்கே பதிலை அன்று இரவு எழுதி அனுப்பலாம். இந்த வாய்ப்பை யாரும் பயன்படுத்துவதில்லை. எல்லோரும் கூட்டத்துக்கு முன்பே பொதுவாக எதையோ அனுப்பிவிடுகிறார்கள்.

அந்தப் பதிவுகளின் நிஜப் பயன்: குழு ஊழியர்கள், கட்சி சாராதவர்கள், ஒரு மசோதா அறிக்கை தயாரிப்பார்கள். ஆதரவாகப் பேசியவர்கள் சொன்னது ஒரு பத்தி, எதிர்த்தவர்கள் சொன்னது ஒரு பத்தி, வேறு கருத்து ஒரு பத்தி. மன்றத்தில், அதாவது முழு அவையில், வாக்களிக்கும் பெரும்பாலானோர் குழுவில் உட்கார்ந்தவர்கள் அல்ல. அவர்கள் கையில் இருப்பது இந்த அறிக்கை. ஐயாயிரம் பேர் 'கான்' அமுக்கினாலும் அந்தப் பத்தியில் ஏறுவது பேசப்பட்ட வாதங்கள் மட்டுமே. எல்லோரும் "உரிமை மீறல்" என்றே சொன்னால் பத்தியில் ஒரே வாக்கியம். பத்துப் பேர் பத்து வெவ்வேறு நடைமுறைக் கோளாறைச் சொன்னால் பத்து வாக்கியம்.

அதனால் ஒரு குழுவாக இருந்தால் முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள். கிராமப்புறத்தில் சுடுதளம் இல்லாத சிக்கல் ஒருவருக்கு. குடும்ப வன்முறையில் தப்பி ஓடுபவருக்கு உடனே பாதுகாப்பு தேவை என்பது இன்னொருவருக்கு. கடைக்காரர் செலவுக் கணக்கு மூன்றாமவருக்கு. உயில் மூலம் வரும் துப்பாக்கி நாலாமவருக்கு.

சிறு தவறுகள் நிறைய நடக்கும். மசோதா எண் ஒன்றே, ஆனால் முன்னால் எழுத்துகள் மாறும். எச்பி என்றிருந்தது மாற்று வடிவம் வந்ததும் எஸ்எச்பி ஆகும், மன்றத்தில் திருத்தினால் முன்னால் 'இ' சேரும். பழைய வடிவத்தின் 7ஆம் பிரிவை எதிர்த்துப் பேசுகிறோம், புதிய வடிவத்தில் 7ஆம் பிரிவே இல்லை. தலைவர் சிரித்துக்கொண்டே "நன்றி" என்பார். கூட்டத்துக்கு முந்தைய இரவு மசோதா பக்கத்தை மறுபடி திறந்து பாருங்கள். 'முன்மொழியப்பட்ட மாற்று வடிவம்' பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் ஏறும்.

#5 யாக்கிமா_வயல்

பேசுற நேரம் பத்தி யாராவது சொல்லுங்க. ரெண்டு நிமிஷம்னு அறிவிப்பாங்க, கூட்டம் அதிகம்னா ஒரு நிமிஷம்னு குறைச்சிடுவாங்க. அதுக்குள்ள என்ன சொல்ல முடியும்?

#6 மூன்றாம்_வாசிப்பு

ஒரு நிமிடத்துக்கு ஆங்கிலத்தில் 120 முதல் 130 சொல். இரண்டு நிமிடத்துக்கு எழுதிக்கொண்டு போய் வேகமாகப் படிப்பது தற்கொலை. ஒரு நிமிடத்துக்கே எழுதுங்கள். நேரம் மிஞ்சினால் உறுப்பினர் கேள்வி கேட்பார், கேள்விக்குச் சொல்லும் பதில் உங்கள் நேரக் கணக்கில் சேராது. அதுதான் தங்கம்.

வரிசை இப்படி: பெயர், குடியிருக்கும் ஊர், எந்தப் பிரிவு, அந்தப் பிரிவால் என்ன நடக்கும், எந்தச் சொல்லை எப்படி மாற்ற வேண்டும். ஒரு கற்பனை மசோதாவுக்கு மாதிரி:

"தலைவர் அவர்களே, குழு உறுப்பினர்களே. நான் வெனாச்சியில் குடியிருக்கிறேன். 4ஆம் பிரிவு பற்றிப் பேசுகிறேன். பயிற்சிச் சான்று விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டுக்குள் பெற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. எங்கள் பக்கத்துச் சுடுதளம் பனிக்காலத்தில் மூடியிருக்கும். வகுப்பு கிடைக்கிற மாதங்கள் குறைவு. சான்று காலாவதியானவர் அடுத்த வகுப்புக்காக மாதக்கணக்கில் காத்திருப்பார். 'ஓராண்டு' என்பதை 'ஐந்தாண்டு' என்று மாற்றினால், பயிற்சி என்ற நோக்கமும் நிற்கும், இந்தச் சிக்கலும் தீரும். திருத்த வாசகத்தை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். நன்றி."

பாருங்கள், அரசியல் சாசனம் என்ற சொல்லே இல்லை. இரண்டாம் திருத்தமோ மாநிலச் சாசனத்தின் முதல் கூறு 24ஆம் பிரிவோ அவர்களுக்குத் தெரியாதது அல்ல. அது நீதிமன்றத்தில் பேச வேண்டியது. அதிகத் தோட்டா கொள்ளும் மேகசின்களுக்கான தடை வழக்கில் 2025 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று சட்டத்தை நிலைநிறுத்திய பிறகு, குழு அறையில் அந்த வாதத்துக்கு இன்னும் வலு குறைவு.

ஜூமில் பேசுபவர்கள் பதிவு செய்த அதே பெயரில் உள்ளே வாருங்கள். 'அப்பா ஐபேட்' என்ற பெயரில் காத்திருந்தால் ஊழியர் கண்டுபிடிக்க மாட்டார், அடுத்தவரை அழைத்துவிடுவார். பின்னால் சுவரில் துப்பாக்கி மாட்டியிருக்கும் அறையில் உட்கார வேண்டாம். சட்ட விரோதம் இல்லை. ஆனால் உங்கள் வாக்கியத்தை விட்டுவிட்டு எல்லோரும் சுவரைப் பார்ப்பார்கள்.

#7 கேஸ்கேட்_காற்று

அருமை. திருத்தம் கேட்கும்போது எதையும் கேட்கலாமா? உதாரணமா, பயிற்சி பற்றிய மசோதாவில் சைலன்சர் பற்றி ஒரு பிரிவு சேர்க்கச் சொல்ல முடியுமா?

#8 மூன்றாம்_வாசிப்பு

முடியாது. ஒரு மசோதாவுக்கு ஒரே பொருள், அது தலைப்பில் தெரிய வேண்டும் என்று மாநிலச் சாசனம் சொல்கிறது. திருத்தம் மசோதாவின் எல்லையையும் நோக்கத்தையும் தாண்டினால் எதிர்த்தரப்பு ஒரு ஆட்சேபணை எழுப்பும், அவைத் தலைவர் தள்ளிவிடுவார். தலைப்பை முதலில் படியுங்கள். 'சம்பந்தப்பட்டது' என்பதற்குப் பின் வரும் சொற்கள் எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் உங்கள் மைதானம். தலைப்பு குறுகலாக இருந்தால் அது எதிர்ப்பவர்களுக்கு ஒரு வகையில் நல்லதும்கூட. கடைசி நேரத்தில் புதுத் தடைகளை அதில் திணிக்க முடியாது.

காலக்கணக்கையும் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் முதல் திங்கள், அதாவது 2026 டிசம்பர் 7 முதல் மசோதாக்களை முன்கூட்டியே தாக்கல் செய்யலாம். சட்டமன்றத்தின் இரண்டாண்டுச் சுழற்சி புதிதாகத் தொடங்குவதால் பழைய மசோதா எதுவும் தொடராது, எல்லாம் புது எண். துப்பாக்கி மசோதா பிரதிநிதிகள் அவையில் பொதுவாக சிவில் ரைட்ஸ் அண்ட் ஜுடிஷியரி குழுவுக்கு, செனட்டில் லா அண்ட் ஜஸ்டிஸ் குழுவுக்கு. அங்கே கருத்துக்கேட்பு, பிறகு குழு வாக்கெடுப்பு. செலவு இருந்தால் அப்ராப்ரியேஷன்ஸ் அல்லது வேஸ் அண்ட் மீன்ஸ் என்ற நிதிக் குழு. பிறகு ரூல்ஸ் குழு. அங்கிருந்து ஒரு உறுப்பினர் கையைத் தூக்கி 'இழுத்தால்' மட்டுமே மன்றத்துக்கு வரும். இரண்டாம் வாசிப்பில் திருத்தம், மூன்றாம் வாசிப்பில் வாக்கு. இன்னொரு அவையில் மறுபடி முதலிலிருந்து.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கட்-ஆஃப் நாள். நம்ம ஊர் இன்ஜினியரிங் கட்-ஆஃப் மாதிரிதான், அரை மார்க் தவறினாலும் சீட் இல்லை. இதனால்தான் ரூல்ஸ் குழு என்பது எதிர்ப்பவர்களுக்கு நல்ல இடம். அங்கே யாரும் மசோதாவுக்கு எதிராக வாக்களித்துப் பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இழுக்காமல் விட்டால் போதும், நாள் தானாகக் கடந்துவிடும். தயங்குகிற ஆளுங்கட்சி உறுப்பினரிடம் "எதிர்த்து வாக்களியுங்கள்" என்பதைவிட "இந்த வருஷம் இதற்கு மன்ற நேரம் ஒதுக்க வேண்டாம் என்று உங்கள் தலைமையிடம் சொல்லுங்கள்" என்பது அவருக்கு எளிது.

ஒரு எச்சரிக்கை: பட்ஜெட்டை நடைமுறைப்படுத்தத் தேவையானது என்று முத்திரை குத்தப்பட்ட மசோதாவுக்குக் கட்-ஆஃப் பொருந்தாது. கட்டணம், வரி சேர்ந்த துப்பாக்கி மசோதா செத்துவிட்டது என்று பாயாசம் வைக்காதீர்கள்.

#9 ரெட்மண்ட்_ராகம்

ஒரு அடிப்படைச் சந்தேகம். எச்1பி விசாவில் இருப்பவர்கள் இதில் எதையெல்லாம் செய்யலாம்? கிரீன் கார்டு உள்ளவர்கள்? இங்கே பாதிப் பேருக்கு இதே கேள்வி இருக்கும்.

#10 கணக்குப்பிள்ளை

பேச்சும் பணமும் தனித்தனி. கருத்துக்கேட்பில் பதிவு செய்வது, பேசுவது, உறுப்பினரைச் சந்திப்பது, இவற்றுக்குக் குடியுரிமை தேவையில்லை. தொகுதியில் குடியிருக்கிறீர்கள், அவர் உங்களுக்கும் உறுப்பினர்தான். ஆனால் வாக்காளர் என்று எங்கேயும் சொல்லிவிடாதீர்கள், எந்தப் படிவத்திலும் அந்தக் கட்டத்தை டிக் செய்யாதீர்கள். குடியுரிமை உண்டு என்று பொய்யாகச் சொன்னதாகிவிட்டால் குடிவரவு விஷயத்தில் மீளவே முடியாத சிக்கல். "நான் இந்தத் தொகுதியில் குடியிருப்பவர்" என்ற சொற்றொடர் போதும்.

பணம்: கிரீன் கார்டு உள்ளவர் தேர்தல் நன்கொடை தரலாம். எச்1பி, எல்1, எஃப்1 எதுவானாலும் தரக்கூடாது. கூட்டாட்சிச் சட்டம் மாநிலத் தேர்தலுக்கும் உள்ளூர்த் தேர்தலுக்கும் சேர்த்தே தடுக்கிறது. மனைவி கிரீன் கார்டு, கணவர் எச்1பி, கணவர் பணத்தை மனைவி பெயரில் கொடுப்பதும் குற்றம்தான்.

இன்னொன்று, கேட்கப்படாவிட்டாலும் சொல்ல வேண்டியது. தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, அதற்கு மேல் இந்த மாநிலம் தனி உரிமம் கேட்கும். அந்த நிலையில் இருப்பவர், குழு அறையில் மைக் முன் "என் வீட்டில் இருக்கும் துப்பாக்கி" என்று தொடங்கும் முன் வக்கீலைப் பாருங்கள். அந்தப் பேச்சு காணொளியாக நிரந்தரமாக இணையத்தில் இருக்கும்.

#11 ரவைப்பெட்டி

மின்னஞ்சலும் அப்படித்தானே? உறுப்பினருக்கு எழுதுறது வெளியே வருமா?

#12 கணக்குப்பிள்ளை

வரும் என்று நினைத்தே எழுதுங்கள். உறுப்பினர்களும் பொது ஆவணச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள் என்று 2019இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டில் எத்தனை துப்பாக்கி, என்ன மாடல், பெட்டகம் எங்கே என்றெல்லாம் எழுதுகிறார்கள் சிலர். திருடனுக்கு முகவரியோடு பட்டியல் கொடுத்தது போல.

பணம் பற்றி வந்ததால் இதையும் சேர்க்கிறேன். கூட்டத்தொடர் தொடங்க 30 நாள் முன்பிருந்து அது முடியும் வரை உறுப்பினர்கள் நன்கொடை கேட்கவோ வாங்கவோ கூடாது. 2027 கணக்குக்கு டிசம்பர் 12 முதல். ஜனவரியில் செக் அனுப்பினால் திரும்பி வரும், கூடவே சங்கடமும் வரும். எந்த மாதமானாலும் சட்டமன்ற அலுவலகத்தில் உட்கார்ந்து தேர்தல் பற்றிப் பேசவே கூடாது. அரசு இடத்தைத் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்தத் தடை. "இதற்கு ஆதரவா வாக்களிச்சா அடுத்த தேர்தலில் பாத்துக்கறோம்" என்று ஒருவர் சொன்ன நொடியில் உதவியாளர் சந்திப்பை முடித்துக்கொள்வார். பரிசும் வேண்டாம், ஆண்டுக்கு ஒருவரிடமிருந்து 50 டாலர் வரம்பு. தீபாவளி இனிப்புப் பெட்டி வரம்புக்குள் இருக்கலாம், ஆனால் மசோதா வாக்கெடுப்பு வாரத்தில் அது இனிப்பாகத் தெரியாது.

லாபி செய்பவர் என்று பதிவு செய்ய வேண்டுமா? சம்பளம் வாங்காமல், செலவு செய்யாமல் தனிமனிதராகப் பேசினால் வேண்டாம். கருத்துக்கேட்பில் மட்டும் பேசுபவருக்கும் வேண்டாம். மூன்று மாதத்தில் நாலு நாளுக்கு மேல் போகாத, செலவு மிகச் சிறிதான முயற்சிக்கும் விலக்கு. ஆனால் நாலு பேர் காசு போட்டு ஃபேஸ்புக் விளம்பரம் கொடுத்து "உறுப்பினருக்கு ஃபோன் செய்யுங்கள்" என்றால் அது அடித்தள லாபி. மாத வரம்பைத் தாண்டினால் பப்ளிக் டிஸ்க்ளோஷர் கமிஷனில் பதிவு செய்து கணக்குக் காட்ட வேண்டும். வரம்புத் தொகை பணவீக்கத்துக்கேற்ப மாறும், செலவு செய்யும் முன் கமிஷன் தளத்தில் அந்த ஆண்டின் தொகையைப் பாருங்கள்.

சுடுதளச் சங்கங்களுக்கு: உங்கள் சங்கம் 501சி3 வகை (வரிவிலக்கு பெற்ற அறச் சங்கம்) என்றால் வேட்பாளரை ஆதரிக்கவோ எதிர்க்கவோ முற்றிலும் முடியாது. மசோதா பற்றி லாபி செய்யலாம், அளவோடு. 'அளவு' என்ற மொட்டைச் சொல்லை நம்பாமல், 5768 படிவத்தை ஒருமுறை வரித்துறைக்கு அனுப்பி 501எச் தேர்வைச் செய்துகொண்டால் எண்ணாகவே வரம்பு கிடைக்கும்: ஆண்டுச் செலவின் முதல் ஐந்து லட்சம் டாலரில் 20 சதவீதம், அதில் கால் பங்கு வரை பொதுமக்களைத் தூண்டும் வேலைக்கு. சம்பளம் வாங்காத உறுப்பினர் தன் நேரத்தில் ஒலிம்பியா போய்ப் பேசுவது இந்தச் செலவில் சேராது. ஆகவே சின்னச் சங்கங்களுக்கு இந்த வரம்பு தாராளம். பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கும் சங்கங்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

#13 பாதிச்சம்மதம்

இழையில் எல்லாரும் எதிர்ப்பு என்றே எடுத்துக்கொண்டு எழுதுகிறீர்கள். துப்பாக்கி வைத்திருப்பவர் எல்லாரும் ஒரே பக்கம் இல்லை. பர்மிட், பாதுகாப்பாகப் பூட்டி வைப்பது இரண்டையும் ஆதரிக்கிற, வேட்டைக்குப் போகிறவர்களும் உண்டு. 2014இல் ஐ-594, 2018இல் ஐ-1639 என்ற துப்பாக்கிக் கட்டுப்பாட்டு முன்மொழிவுகள் இரண்டும் மக்கள் வாக்கெடுப்பில் ஏறத்தாழ 59 சதவீத வாக்கில் நிறைவேறின. அந்த 59இல் துப்பாக்கி வைத்திருப்பவர் எவருமே இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

நடைமுறையாக ஒன்று சொல்கிறேன். ஆதரவுப் பக்கத்தில் துப்பாக்கி வைத்திருப்பவர் ஒருவர் எழுந்து பேசினால் அது தனியாக ஒலிக்கும். எதிர்ப்புப் பக்கத்திலும் அதே மாதிரி, எதிர்பாராத ஆள் பேசினால்தான் ஒலிக்கும். இரண்டுக்கும் நடுவில் 'அதர்' என்ற மூன்றாவது பட்டன் இருக்கிறது. யாருமே அமுக்குவதில்லை.

#14 மூன்றாம்_வாசிப்பு

பாதிச்சம்மதம் சொல்வதோடு கொள்கையில் எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் 'அதர்' விஷயத்தில் நூற்றுக்கு நூறு. திருத்தம் கேட்பவர் 'கான்' என்று பதிவு செய்தால், மசோதாவைக் கொண்டுவந்தவர் "திருத்தினாலும் இவர் எதிர்க்கத்தான் போகிறார், எதற்குத் திருத்துவது?" என்று கணக்குப் போடுவார். 'அதர்' என்று பதிவு செய்து, "4ஆம் பிரிவு மாறினால் என் ஆட்சேபணை இல்லை" என்றால் பேரம் தொடங்கும். பேரத்தில் ஒரு விதி மட்டும்: கேட்டது கிடைத்த பிறகு மேடையில் ஏறி மசோதாவைத் திட்டக்கூடாது. அடுத்த வருஷம் அந்த வாசல் திறக்காது.

#15 ரவைப்பெட்டி

இது எனக்கு ஒப்பல. இப்படி ஒவ்வொரு பிரிவா பேரம் பேசிப் பேசித்தான் பத்து வருஷத்துல இங்க வந்து நிக்கிறோம். பத்து நாள் காத்திருப்புக்கு ஒத்துக்கிட்டதும் பர்மிட் வந்துச்சு.

#16 மூன்றாம்_வாசிப்பு

ஒத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் பர்மிட் 2023லேயே வந்திருக்கும். சரி, இது முடியாத சண்டை. உங்கள் வழியிலேயே போவதாக இருந்தாலும் ஆட்களைப் பிரியுங்கள். ஒரு சங்கம் முழு எதிர்ப்பில் நிற்கட்டும், இன்னொன்று திருத்தம் பேசட்டும். ஒரே ஆள் காலையில் முதலாவதும் மாலையில் இரண்டாவதும் செய்வதுதான் கெடுக்கிறது.

#17 யாக்கிமா_வயல்

உறுப்பினரை நேர்ல பாக்கிறது பத்தி நான் எழுதறேன்.

கூட்டத்தொடர் நடக்கும்போது 15 நிமிஷம் கெடைச்சா பெருசு. செப்டம்பர்ல இருந்து நவம்பர் வரைக்கும், தொகுதியில இருக்கும்போது, ஒரு மணி நேரம்கூட உக்காந்து பேசுவாங்க. இவங்க முழுநேர அரசியல்வாதிங்க இல்ல, பல பேருக்கு வேற வேலை உண்டு. அதனால மசோதா வர்றதுக்கு முன்னாடி போங்க. சுடுதளத்துக்கு வரச்சொல்லிக் கூப்பிடுங்க. துப்பாக்கியையே தொட்டுப் பாக்காத உறுப்பினர் பயிற்சி வகுப்பு எப்படி நடக்குதுன்னு ஒருதடவை பாத்தா, பிரிவு எழுதறப்போ உங்களுக்கு ஃபோன் வரும்.

சந்திப்புக்கு மூணு பேர் போதும். பத்துப் பேர் போனா அது ஊர்வலம். ஒருத்தர் பேசணும், ஒருத்தர் குறிப்பெடுக்கணும், மூணாவது ஆள் அந்தத் தொழில்ல இருக்கிறவரா இருந்தா நல்லது, கடைக்காரர், பயிற்சி கொடுக்கிறவர் மாதிரி. ஒரே ஒரு பக்கம் காகிதம். மேல மசோதா எண், பிரிவு. நடுவுல மாத்த வேண்டிய வாசகம், பழையது அடிச்சு புதுசு கோடு போட்டு, அவங்க மசோதாவே அந்த வடிவத்துலதான் இருக்கும். கீழ உங்க பேரு, தொகுதியில இருக்கிற ஊரு.

உறுப்பினருக்குப் பதிலா உதவியாளர் வந்தா முகம் சுளிக்காதீங்க. ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒண்ணு ரெண்டு பேர்தான் இருப்பாங்க. நாள்காட்டி, மின்னஞ்சல், பல நேரம் முதல் கருத்து, எல்லாம் அவங்க கையிலதான். "இதை யார் எதிர்க்கிறாங்க, ஏன்?"னு கட்டாயம் கேப்பாங்க. எதிர்த்தரப்பு வாதத்த நேர்மையா சொல்லுங்க. மறைச்சா அடுத்த சந்திப்புல அவங்க வந்து சொல்லிடுவாங்க, அப்புறம் உங்க காகிதம் குப்பைக்குப் போயிடும். ரெண்டு நாளுக்குள்ள நன்றி சொல்லி, கேட்ட தகவலை அனுப்புங்க. தெரியாத கேள்விக்கு அங்கேயே அடிச்சு விடாதீங்க.

போக முடியாதவங்களுக்கு 1-800-562-6000. உங்க மூணு உறுப்பினருக்கும், ஒரு செனட்டர் ரெண்டு பிரதிநிதி, ஒரே அழைப்புல செய்தி போகும். மசோதா பக்கத்துல கருத்துப் பொத்தானும் அந்த மூணு பேருக்குத்தான்.

#18 கேஸ்கேட்_காற்று

பேரணி பற்றி? ஜனவரியில் கேபிட்டல் படிக்கட்டில் நிற்பது?

#19 யாக்கிமா_வயல்

பேரணி பத்திரிகைக்கு. சந்திப்பு வாக்குக்கு. ரெண்டையும் ஒரே நாள்ல வச்சுக்கிட்டா பயணச் செலவு மிச்சம், ஆனா பேரணிக்கு வந்தவங்க படிக்கட்டுலேயே நின்னுட்டுத் திரும்பிப் போறதுதான் வழக்கம். சந்திப்பு நேரத்தை ரெண்டு வாரம் முன்னாடியே வாங்கிட்டு, பேரணிய அதுக்கேத்த மாதிரி காலையிலயே முடிங்க.

2021 சட்டப்படி கேபிட்டல் வளாகத்துல துப்பாக்கியை வெளிய தெரியுற மாதிரி எடுத்துட்டுப் போகக்கூடாது. அனுமதி வாங்கின ஆர்ப்பாட்டம் எங்க நடந்தாலும் 250 அடிக்குள்ளயும் கூடாது. வெளிமாநிலத்துல இருந்து வர்ற நண்பர்களுக்கு இது தெரியாது. ஒருத்தர் மாட்டினா அன்னிக்கு செய்தி அது மட்டும்தான். வீட்ல பூட்டிட்டு வாங்க.

#20 கணக்குப்பிள்ளை

நிதிக் குழு பற்றி யாரும் தொடவில்லை. அப்ராப்ரியேஷன்ஸ் முன்போ வேஸ் அண்ட் மீன்ஸ் முன்போ உரிமை, பாதுகாப்பு என்று பேசினால் தலைவர் குறுக்கிடுவார், அங்கே பேச்சு பணம் மட்டும். மசோதாவோடு வரும் நிதிக் குறிப்பைத் திறந்து, அதில் ஒவ்வொரு துறையும் எழுதிய அனுமானத்தைப் படியுங்கள். ஆண்டுக்கு எத்தனை விண்ணப்பம் வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்? அது குறைவாக இருந்தால் கட்டண வருமானமும் ஊழியர் எண்ணிக்கையும் தவறு. மாவட்டக் காவல் அலுவலகங்களின் செலவை யார் ஏற்பது? இரண்டு எண்ணைக் காட்டி "இது பொருந்தவில்லை" என்று சொல்ல ஒரு நிமிடம் தாராளம். பட்ஜெட்டில் துண்டு விழும் ஆண்டில், தத்துவம் சாய்க்காத மசோதாவைச் செலவுக் குறிப்பு சாய்க்கும்.

கடைக்காரர்களுக்கும் இதே வழி. விற்பனையாளர் பாதுகாப்பு விதிகள், கேமரா, காப்பீடு என்று மசோதா வந்தால், உங்கள் கடைக்கு வாங்கிய விலைப்புள்ளியை அப்படியே இணையுங்கள். "சிறு வணிகம் அழியும்" என்பதைவிட காப்பீட்டு நிறுவனம் எழுதிக்கொடுத்த ஒரு தாள் கனமானது.

#21 மூன்றாம்_வாசிப்பு

நிறைவேறிய பிறகும் இரண்டு கதவு இருக்கிறது. ஆளுநருக்கு ஐந்து நாள், ஞாயிறு நீங்கலாக. கூட்டத்தொடரின் கடைசி ஐந்து நாளில் போனதற்கு 20 நாள். முழு மசோதாவையும் தடுக்காவிட்டாலும் ஒரு முழுப் பிரிவை மட்டும் வெட்ட அவருக்கு அதிகாரம் உண்டு. பிரிவுக்குள் ஒரு வாக்கியத்தை அல்ல. ஆகவே கெட்ட வரி தனிப் பிரிவாக நிற்பது உங்களுக்கு லாபம். திருத்தம் எழுதும்போதே இதை யோசியுங்கள்.

பொதுவாக்கெடுப்புக்குக் கொண்டுபோவது பற்றிக் கனவு காண்பவர்களுக்கு: கடைசி ஆளுநர் தேர்தலில் விழுந்த வாக்கில் 4 சதவீதம் கையெழுத்து, அதாவது ஒன்றரை லட்சத்துக்கும் மேல், கூட்டத்தொடர் முடிந்த 90 நாளுக்குள். மசோதாவில் உடனே அமலாகும் என்ற அவசரப் பிரிவு இருந்தால் அந்த வழியும் அடைப்பு. எச்பி 1240 அப்படித்தான் 2023 ஏப்ரல் 25 கையெழுத்தான அன்றே நடைமுறைக்கு வந்தது. மசோதாவின் கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள்.

இந்த முறை அந்த அவசரப் பிரிவு நமக்கும் தேவைப்படும். 105 நாளும் ஓடினால் கூட்டத்தொடர் 2027 ஏப்ரல் 25இல் முடியும். பர்மிட் தேதி மே 1. சாதாரண மசோதா கூட்டத்தொடர் முடிந்து 90 நாள் கழித்துத்தான் அமலாகும், ஜூலை கடைசி. பர்மிட் சட்டத்தில் தேதியைத் தள்ளவோ பயிற்சி விதியைத் தளர்த்தவோ திருத்தம் கேட்பவர்கள், அதில் அவசரப் பிரிவும் சேர்க்கச் சொல்லாவிட்டால் மூன்று மாதம் பழைய வாசகம்தான் ஆளும்.

இரண்டாவது கதவு விதி உருவாக்கம். சட்டம் 'பயிற்சி' என்று சொல்லும், அது எப்படி என்று மாநில ரோந்துக் காவல் துறை போன்ற அமைப்பு விதியாக எழுதும். சிஆர்-101 என்றால் எழுதப் போகிறோம் என்ற அறிவிப்பு, சிஆர்-102 வரைவும் கருத்துக்கேட்பும், சிஆர்-103 இறுதி. அரசியல் சத்தம் இல்லாத இடம் இது. எழுதுபவர் அதிகாரி, அவருக்கு வேண்டியது நடைமுறைக்கு ஒத்துவரும் வாசகம். பெறப்பட்ட கருத்துகளுக்கு ஏன் ஏற்கவில்லை என்று துறை எழுத்தில் விளக்க வேண்டும். சிஆர்-102 வந்த பிறகு விழிப்பதைவிட 101 கட்டத்திலேயே அதிகாரிக்கு எழுதுங்கள், வரைவு அப்போது மெழுகு மாதிரி இருக்கும். துறையின் விதி அறிவிப்பு மின்னஞ்சல் பட்டியலில் பெயர் சேர்த்துக்கொள்ள இரண்டு நிமிடம்.

#22 ரெட்மண்ட்_ராகம்

எல்லாம் சரி. அக்டோபரில் முதலில் செய்ய வேண்டியது எது?

#23 யாக்கிமா_வயல்

உங்க தொகுதி எண் என்னன்னு திரும்பப் பாருங்க. 2024ல கூட்டாட்சி நீதிமன்ற உத்தரவால யாக்கிமா பக்கத்துல ஆரம்பிச்சு ஒரு டஜனுக்கு மேல தொகுதிகளோட எல்லை மாறிடுச்சு. பழைய எண்ணை வச்சு எழுதினா கடிதம் தப்பான மூணு பேருக்குப் போகும். சட்டமன்றத் தளத்துல தொகுதி தேடும் பக்கத்துல வீட்டு முகவரியை அடிச்சா மூணு பேரு வரும். நவம்பர் தேர்தல்ல யாரு மாறினாங்கன்னு பாத்துட்டு, சான்றளிச்ச முடிவு வந்ததும் புதுசா வர்றவங்களுக்கு முதல் கடிதம் போடுங்க. அவங்க இன்பாக்ஸ் அப்போ காலியா இருக்கும்.

#24 ரெட்மண்ட்_ராகம்

அடிச்சுப் பார்த்தேன். 45 என்று நினைத்துக்கொண்டிருந்தேன், 48 என்று வருகிறது.